கட்டுரையில் ஏறாத பெயர்

வருடா வருடம் கல்லூரியில் ஒரு படிவம் நீட்டுவார்கள். இதுவரை எத்தனை கட்டுரை எழுதினேன், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று நிரப்ப வேண்டும். கைக்குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்பது என் ஆராய்ச்சி. என் மேற்கோள் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஒரே கட்டுரை கொண்டுவந்தது. மற்றதெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. அந்தத் தலைப்பைப் பார்த்தாலே எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிடும். அப்புறம் வேலை ஓடாது.

அக்கா என்று நான் கூப்பிட்டது, மதுரையில் நாங்கள் ஆய்வு நடத்திய ஆஸ்பத்திரியின் ஆயாவை. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். தூங்கும் குழந்தையின் தலையில் கம்பிகள் வைத்த தொப்பியை மாட்டி, மெல்லிய சத்தங்களை ஒலிக்கவிட்டு, மூளை அதற்கு என்ன பதில் சொல்கிறது என்று பதிவு செய்வோம். சொல்ல லேசு. மருந்து கொடுத்துத் தூங்கவைக்கக் கூடாது. தொட்டில் ஆடினால் பதிவு கெட்டுவிடும். நிறுத்தினால் குழந்தை வீல் என்று கத்தும். முதல் மாதம் முழுக்க எங்களுக்குக் கிடைத்தது அழுகைதான்.

ஒருநாள் அக்கா பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தார். "தள்ளுங்க டாக்டரம்மா. ஊசியும் போடத் தெரியாது, இம்புட்டுப் படிச்சும் ஒரு புள்ளையத் தூங்கவைக்கவும் தெரியல. என்ன டாக்டரோ!" சேலையில் தூளி கட்டினார். தன் சுண்டுவிரலைக் குழந்தையின் பிடிக்குள் கொடுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தூங்கும் பிள்ளையைப் பார்த்தால் கண் பட்டுவிடுமாம். பிடி தளர்ந்ததும் தலையாட்டுவார், தூளியை நிறுத்துவோம். ஆழ்ந்த உறக்கம் என்று எங்கள் திரை காட்ட அதற்கு மேலும் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒரு தடவைகூட அவர் கணிப்பு தப்பவில்லை.

கட்டுரை எழுதும்போது கேட்டார். "எம் பேரும் வருமா?"

"வராமப் போகுமாக்கா? போட்டுருவோம்" என்றேன்.

சத்தியமாக அப்போது போடத்தான் நினைத்தேன். கடைசியில் கட்டுரை ஆசிரியர்கள் பட்டியலில் இடம்பிடிக்க ஆளுக்கு ஆள் நின்றார்கள். பதிவு அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத பெரிய மனிதர் ஒருவர் மூன்றாவதாக ஏறிக்கொண்டார். ஆயாவின் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. நன்றி சொல்லும் வரியில்கூட 'ஊழியர்களுக்கு' என்று எழுதி முடித்தேன். அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்தபோது அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார். உன் பெயர் இல்லையக்கா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பிறகு அவர் வேலையை விட்டு ஊரோடு இருந்துவிட்டார். எங்கெங்கோ இருந்து மின்னஞ்சல் வந்தது: குழந்தைகளை எப்படி இவ்வளவு நேரம் தூங்கவைத்தீர்கள்? பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமலே மூடிவிடுவேன். புது ஆய்வில் குழந்தை அழும்போதெல்லாம் கதவைப் பார்ப்பேன். "தள்ளுங்க" என்று ஒரு அதட்டல் கேட்காதா என்றிருக்கும். எத்தனை மேற்கோள் ஏறி என்ன, அந்தக் குரல் வரவில்லையே!

அக்கா காட்டிய தூளி முறையை விளக்கிப் போன மாதம் எழுதி முடித்த புதுக் கட்டுரையில் அவர் பெயரைச் சேர்த்தேன். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்றிருந்தது. சம்மதம் வாங்கவேண்டும் என்பது சாக்கு. அவரைப் பார்க்கவேண்டும் என்பதுதான் ஆசை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அக்காவின் தங்கைதான் கதவைத் திறந்தார். அக்கா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியனுப்ப நான் யார்?

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தங்கை பெட்டியைத் திறந்து, பாலித்தீன் உறைக்குள் இருந்த அந்தப் பழைய பிரதியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எங்க அண்ணன் மக காலேசு படிக்கிறா. இதத் தேடிப் பாத்துட்டு, அத்தை பேரு இதுல இல்லேன்னு சொல்லிட்டா. அக்காவுக்கு வந்துச்சே கோவம்! 'டாக்டரம்மா சொல்லிட்டுப் போடாம இருப்பாகளா? உனக்குத்தான் படிக்கத் தெரியல'ன்னு அவளை அம்புட்டு வஞ்சிருச்சு. எந்த எடத்துல இருக்குன்னு நீங்க காட்டுங்கம்மா."

"இல்லம்மா. நான் போடல" என்றேன்.

அவர் பிரதியை வாங்கி மறுபடி உறைக்குள் வைத்தார்.

"இத நீங்களே வந்து சொல்லிருந்தாலும் அக்கா நம்பிருக்காது" என்றார்.