எந்தப் பானை

ஷவர் அறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் கோல்பெய்ன். ஏரிக்கரை வெந்நீர்க் குளத்தில் அவருக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். பிறந்த மேனியாகச் சோப்புப் போட்டுக் குளிக்காமல் ஒருவரும் குளத்தில் கால் வைக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஊர்ப் பாதிரியாரையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் அகந்தையைப் பற்றி. அது வேறு யாருக்கோ என்று கோல்பெய்ன் நினைத்துக்கொண்டார்.

இவ்வளவு அதட்டல் தெரிந்த மனிதருக்குச் சொந்த விஷயம் பேச வாய் வராது. பள்ளிக்கூடச் சமையல்காரி ஒட்னியோடு ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் வெந்நீரில் உட்கார்ந்திருக்கிறார். பேசியதெல்லாம் காற்று, ஆடு, ரோடு. இப்போது ஒட்னி வருகிற வெள்ளிக்கிழமை வடக்கே மகள் வீட்டுக்கே குடிபோகிறாள். போகாதே என்று சொல்லியாக வேண்டும்.

முந்தின நாள் ஏரிக்கரையில் ரொட்டி புதைக்கப் போன இடத்தில்தான் துணிச்சல் வந்தது. ரை தானிய மாவும் பாலும் பாகும் கலந்த பானையை, பூமிச் சூட்டில் ஆவி பறக்கிற கருமணலுக்குள் இறக்கி, மூடி, அடையாளத்துக்குக் கல் வைத்தார். ஒரு நாள் முழுக்க வேக வேண்டும். பக்கத்தில் ஒட்னி தன் பானையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நாளைக்குப் பதினோரு மணிக்குப் பானைக்கு வா. ஒரு விஷயம் இருக்கு.”

குளத்திலுள்ள வெந்நீர்த் தொட்டிக்கும் அந்த ஊரில் பானை என்றுதான் பேர். ஒருத்தரும் இதுவரை குழம்பியதில்லை. துண்டோடு போனால் அந்தப் பானை, மண்வெட்டியோடு போனால் இந்தப் பானை.

மறுநாள் தரையைத் தேய்த்து முடித்ததும் மதியம் வரை லீவு சொல்லிவிட்டு, பத்தரைக்கே தொட்டியில் இறங்கினார். சொல்ல வேண்டியதை மனசுக்குள் உருப்போட்டார். எதிரே கிழட்டு ஆட்டுப்பண்ணைக்காரர் தோர்லாக்குர் தாடையளவு தண்ணீரில் கிடந்தார். பதினொன்றானது. பதினொன்றரையானது. ஒட்னி வரவில்லை. பதற்றத்தில் கோல்பெய்ன் காலையில் நாலு துண்டு ரை ரொட்டி தின்றிருந்தார். ஊரில் அதை இடிரொட்டி என்பார்கள். காரணம் தின்றவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். தொட்டியில் அவர் இருந்த மூலையில் மட்டும் தனியாகக் குமிழ்கள் வந்தன. தோர்லாக்குர் இன்னும் தள்ளி நகர்ந்தார்.

பன்னிரண்டுக்குக் கிழவர் அவரை உற்றுப் பார்த்தார்.

“ஏம்ப்பா, வெந்துட்டியான்னு குச்சி விட்டுப் பாக்கட்டுமா?”

அதே நேரம் ஒட்னி ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். பனிமழை பக்கவாட்டில் அடித்தது. பூட்ஸுக்குக் கீழே மணல் சுட்டது, மேலே காது விறைத்தது. பன்னிரண்டேகாலுக்குப் பொறுமை போய், கோல்பெய்னின் கல்லைத் தள்ளி, பானையைத் தோண்டி எடுத்துக்கொண்டு குளத்துக்கே வந்துவிட்டாள்.

ஊழியர் காபி அறையில் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு, தலை சுற்றி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். உடம்பு மொத்தமும் ரோஜா நிறம். ஒட்னி பானையை மேஜையில் வைத்தாள்.

“மண்ணுல நிக்க வச்சிட்டு நீ இங்க குளிச்சிக்கிட்டிருக்கியா?”

“பானைக்குத்தானே வரச் சொன்னேன்.”

“பானைக்குத்தான்யா போனேன்.”

இரண்டு பேரும் பானையைப் பார்த்தார்கள். ஒட்னிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ரொட்டியைக் கவிழ்த்து, ஆவி பறக்கத் துண்டு போட்டு, வெண்ணெய் தடவினாள். ரொட்டி கறுப்பாக, ஈரமாக, அல்வா போல இனித்தது. தன் ரொட்டியில் இந்தப் பதம் வருவதில்லை என்று ஒப்புக்கொண்டாள். இதைவிட நல்ல நேரம் வராது என்று கோல்பெய்னுக்கே தெரிந்தது.

“போகாத,” என்றார்.

“எங்க?”

“வடக்க.”

ஒட்னி மெல்லுவதை நிறுத்தினாள்.

“ஏன்?”

ஒன்றேமுக்கால் மணி நேரம் வெந்நீரில் கிடந்து உருப்போட்டவர், அவள் சரி என்பாள் அல்லது முடியாது என்பாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தார். ஏன் என்று கேட்பாள் என்று நினைக்கவே இல்லை. துண்டின் முடிச்சை இறுக்கினார். பனிமழை விடுகிற மாதிரி தெரியவில்லை என்றார்.

அவள் இரண்டாவது துண்டுக்கு நிதானமாக வெண்ணெய் தடவி, அதைத் தின்று முடிக்கிற வரைக்கும் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு கையைத் துடைத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.