சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் சீட்

என் மருமகளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாத ஆள் ஒருவர்கூட எங்கள் பழைய ஊரில் கிடையாது. டாக்டர், பேக்கரிக்காரர், போலீஸ்காரர், அந்தப் போலீஸ்காரர் துரத்திக்கொண்டிருந்த ஆசாமி, எல்லோரும் அவள் கையில் தேறியவர்கள். சரி, கொஞ்சம் ஏற்றித்தான் சொல்கிறேன். போலீஸ்காரர் கற்கவில்லை, அவர் மனைவிதான் கற்றாள். ஆசாமி யாரிடம் கற்றான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாதி ஊர் என்றால் அதில் பொய் இல்லை. பாதிக்குச் சற்றுக் குறைவு.

ஊரில் அவளுக்குப் பெயர் பிரேக் டீச்சர். டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்திருப்பீர்கள். கற்கிறவர் வலது பக்கம் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். இடது பக்கம் இவள். இவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஆக்சிலேட்டர் கிடையாது. "வண்டியை நகர்த்துறது உங்க பாடு, நிறுத்துறது என் பாடு" என்பாள். ரோட்டை அவள் அதிகம் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத்தான் பார்ப்பாள். முழங்கால் துடிக்கிற விதத்தை வைத்தே இவர் இப்போது எதை மிதிக்கப் போகிறார் என்று சொல்லிவிடுவாள். அவர் தப்பாக மிதிப்பதற்குள் இவள் கால் பிரேக்கில் இருக்கும்.

என் மகனும் அவளிடம் கற்றவன்தான். அப்படித்தான் கல்யாணமே நடந்தது. அவள் மாணவர்களில் படுமோசமான மாணவன் யாரென்றால் பெற்றவள் நானே கை தூக்கிச் சொல்வேன், என் பிள்ளைதான். இரண்டு குடும்பமும் கூடிக் கல்யாணம் பேசிய அன்று, தனியாக ஓட்டிவந்து காட்டுகிறேன் பார் என்று கிளம்பினவன், ஹேண்ட்பிரேக்கை எடுக்காமலே மொத்த வழியும் வந்து, பெண் வீட்டு வாசலில் பின் சக்கரம் இரண்டும் புகைய நின்றான். அன்றிலிருந்து உறவுக்காரர்கள் நடுவில் அவன் பெயர் புகைவண்டி. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "வாங்க, புகைவண்டி வந்தாச்சு! டீச்சர் எங்கே?" என்பார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்கிறானே, கேலி மனசில் ஒட்டவில்லை என்று நினைத்தோம். ஒட்டித்தான் இருந்திருக்கிறது.

லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை கிடைத்து அவன் இந்த நாட்டுக்கு முதலில் வந்தான். லைசென்ஸ் எடுத்ததும் போன் பண்ணினான். "முதல் தடவையிலேயே பாஸ், அம்மா. அதுவும் கொட்டுற மழையில." நான் தெரு முழுக்கச் சொன்னேன். மழையோடு இடியும் மின்னலும் நான் சேர்த்தவை.

பிறகு நாங்கள் மூன்று பேரும் வந்து சேர்ந்தோம்: நான், மருமகள், பேத்தி. பெட்டியைப் பிரித்த முதல் வாரமே மருமகள் தன் லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"என்னங்க, இதை எந்த ஆபீஸ்ல காட்டணும்?"

"அது இங்க செல்லாது. எல்லாரும் முதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். நான் விசாரிச்சிட்டேன்."

"மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸும் சேர்ந்துதானே இருக்கு?"

"எதுவும் செல்லாது. நீ ஏன் கவலைப்படுறே? நான் இருக்கேன்ல? நான் சொல்லித் தர்றேன்."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெண்டாட்டி மேல் பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று நானும் பூரித்துப் போனேன்.

அவள் ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற பெரிய கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்பு சுடச்சுட வந்து விழும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று நான்கு முனையைப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். சாயங்காலம் வரும்போது விரல் கணுக்கள் எல்லாம் வெடித்திருக்கும். நான் வாஸ்லின் தடவி விடுவேன். "அத்தை, எதிர்ல நிக்கிற பொம்பளை ரொம்ப நல்லவ. ஆனா காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவளை நோக்கியே நடக்கிறேன், எங்கேயும் போய்ச் சேர மாட்டேங்கிறேன்" என்பாள்.

பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு வேன் விடுகிற முதலாளி ஒருவர் இருந்தார். இவள் யாரென்று தெரிந்ததும், "லைசென்ஸ் கொண்டு வாங்க, சாவி வாங்கிட்டுப் போங்க" என்றார். இவளிடம் லைசென்ஸ் இல்லை. அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. மறு வருஷம் இன்னொரு டிரைவர் விலகினார். "பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும்தான் பிடிச்சு வைப்பேன், அதுக்கப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார் முதலாளி. மேஜை நாற்காலி விற்கிற ஒரு பெரிய கடைக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி மும்முரமாக நடந்தது.

இங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகின்றன. அதனால் ஸ்டீயரிங் இடது பக்கம். அதாவது, இத்தனை வருஷம் அவள் டீச்சராக உட்கார்ந்த அதே பக்கத்தில் இப்போது மாணவியாக உட்கார்ந்தாள். வலது பக்கம், அந்நாளில் புகையோடு வந்தவன், டீச்சராக உட்கார்ந்தான். நானும் பேத்தியும் பின் சீட்டில்.

"முதல்ல கண்ணாடி பாரு. அப்புறம் சிக்னல். எத்தனை தடவை சொல்றது? கண்ணாடி!"

"பார்த்துட்டேங்க."

"பார்த்தா தலை திரும்பணும். கண்ணு மட்டும் திரும்பினா எனக்கு எப்படித் தெரியும்?"

"சரிங்க."

டேஷ்போர்டை வேறு தட்டினான். பேத்திக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அம்மா உங்களுக்குச் சொல்லித் தந்தப்போ இப்படித்தான் கத்தினாங்களா?"

"கத்தலைடி கண்ணு, புகை மட்டும்தான் வந்துச்சு" என்றேன் நான்.

மருமகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். என் மகன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதல் டெஸ்டில் அவள் தோற்றாள். பரீட்சை அதிகாரி ஒல்லியான மனிதர். உட்கார்ந்த இடத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற வழக்கம் அவருக்கு. இவள் பிறந்ததிலிருந்து பார்த்த முழங்கால்கள் எத்தனை! வண்டி நடு ரோட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் முழங்கால் துடிக்கிறது. இவள் கால் தன்னால் பிரேக்கை மிதித்துவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் அலறின. அவர் கண்ணாடி மூக்கைத் தாண்டி மடியில் விழுந்தது. காரணமில்லாமல் திடீரென்று நிறுத்தியதற்காக ஃபெயில்.

அன்று அடுப்பைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அத்தை, இடது பக்கம் உக்காந்தா எனக்கு ரோடு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. பக்கத்துல இருக்கிற ஆளுதான் தெரியுறாரு. அவருக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் தோணுது." பிறகு, "இத்தனை வருஷமா நான் ஊரை ஏமாத்திட்டேனோ?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணி கையிலேயே நின்றுவிட்டது.

என் மகன் உள்ளே வந்து அவள் தோளைத் தட்டினான். "பரவாயில்லை, டீச்சர். எல்லாருக்கும் வந்துடாது."

எல்லாருக்கும் வந்துவிடாதாம். அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

இரண்டாவது டெஸ்ட், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம். நான் அங்கே போகவில்லை. ஆனாலும் நடந்ததை இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கறந்துவிட்டேன்.

லைசென்ஸ் ஆபீஸ் கூடத்தில் டோக்கன் எண் வந்ததும் இருவரும் கவுண்டருக்குப் போயிருக்கிறார்கள். உள்ளே இருந்த அம்மாள், கூட வந்தவரின் லைசென்ஸையும் கேட்டாள். அவன் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தான். மருமகள் தன் டெஸ்ட் காகிதத்தைக் கைப்பையில் தேடும்போது அந்தப் பழைய பிளாஸ்டிக் உறை மேலே வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப் போயிருந்தாளாம். அந்த அம்மாள் அதைக் கையில் வாங்கிப் புரட்டினாள்.

"நீங்க டிரைவிங் டீச்சரா? அப்புறம் எதுக்கு டெஸ்டுக்கு வந்திருக்கீங்க? வந்த ஒரு வருஷத்துக்குள்ள இதைக் கொண்டு வந்திருந்தா, வாங்கி வச்சுக்கிட்டு இந்த ஊர் லைசென்ஸ் கொடுத்திருப்போமே. இப்போ வருஷம் தாண்டிப் போச்சே."

"இங்க செல்லாதுன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது? இதோ, உங்க வீட்டுக்காரர் லைசென்ஸே அப்படி மாத்தி வாங்கினதுதானே?"

மாற்றி வாங்கிய லைசென்ஸ் என்றால் அதில் ஒரு அடையாளம் இருக்குமாம். கொட்டுகிற மழையும் இல்லை, முதல் தடவைப் பாஸும் இல்லை. என் பிள்ளை இந்த நாட்டில் டெஸ்டுக்கே உட்காரவில்லை. பழைய லைசென்ஸை நீட்டினான், புதியதை வாங்கினான், வீட்டுக்குப் போனான். அந்தப் பழைய லைசென்ஸ்கூட அவள் கற்றுக்கொடுத்து வாங்கியது.

மருமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டோக்கன் எண் ஓடுகிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் எண் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்குள் அவளை டெஸ்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதே ஒல்லி மனிதர். அதே முழங்கால், அதே ஆட்டம். பெல்ட் போட்டிருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்தாளாம். அதோடு சரி. அவர் முழங்கால் ஆடினால் என்ன, அறுந்து விழுந்தால் என்ன! வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கவனிக்காமல் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். ஒரு பிழை கிடையாது. "போன தடவை வந்தது நீங்கதானா?" என்று அவரே கேட்டாராம். பாஸ்.

இனித்தான் முக்கியமான கட்டம். பாஸ் என்று கேட்டதும் அவள் விறுவிறுவென்று வந்தாள். ஆபீஸ் படியில் என் மகன் அசடு வழிய நின்றான். அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள், காரில் ஏறினாள், ஹேண்ட்பிரேக்கை அவன் கண்ணுக்கு முன்னால் காட்டி எடுத்தாள், கிளப்பினாள். அவன் "டீச்சர், டீச்சர்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். அவள் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. அவன் பாலத்தையும் ஆஸ்பத்திரியையும் தாண்டி நடந்தே வீடு வந்து சேர்ந்தபோது, ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது.

சமையலறையில் என்னிடம் வந்து நின்றான்.

"ஒரே ஒரு தடவை, அம்மா. அவளுக்கு நான் சொல்லித் தரணும்னு ஆசை. ஊர்ல எல்லாருக்கும் நான் டீச்சர் வீட்டுக்காரன். புகைவண்டி. இங்க வந்தாவது..."

"உன் ஆசைக்கு அவ கையைப் பாருடா! விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு."

"சும்மா கொஞ்ச நாள்னுதான் நினைச்சேன். அவ ஃபெயிலாவான்னு நான் கண்டேனா?"

"ஃபெயிலான அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே. தோளைத் தட்டத்தானே வந்தே?"

மருமகள் குக்கரைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பாமலே பேசினாள். "கேட்டிருந்தா சொல்லிக்கொடுக்கிற சீட்ல நானே உக்கார வச்சிருப்பேனே. எவ்வளவு நாள் வேணும்னாலும் சொல்லிக்கொடுங்கன்னு உக்காந்திருப்பேனே." அவ்வளவுதான். குக்கரை அலமாரியில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

இப்போது தினமும் காலையில் வேன் எடுக்கிறாள். பிள்ளைகள் எல்லாம் பெல்ட் மாட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கிளப்புவாள். வீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது. தட்டில் சாப்பாடு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் அவன் எதையாவது சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, வேறு யாரிடமாவது ஒரு தடவை விசாரித்துக்கொள்கிறாள். நாளைக்கு மழை வரும் என்றான் போன வாரம். அவள் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

இதுவரை எழுதி மேஜையில் வைத்திருந்தேன். வேனை நிறுத்திவிட்டு வந்த மருமகள், டீயை ஆற்றிக்கொண்டே நின்றபடி முழுதும் வாசித்தாள்.

"அத்தை, இது தப்பு. நான் வண்டியை எடுத்துக்கிட்டு எங்கேயும் போகலை."

"அட, ஒரு சுவைக்குத்தான்."

"பாஸானாலும் லைசென்ஸ் தபால்ல வந்து சேர்ற வரைக்கும் நான் கத்துக்கிறவதான். லைசென்ஸ் இருக்கிற ஆள் பக்கத்துல இல்லாம ஓட்டக் கூடாது. கொஞ்ச நேரம் வண்டியில தனியா உக்காந்திருந்தேன். வேற வழியில்லை. நானேதான் அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. நம்ம தெருமுனையில மட்டும் 'கண்ணாடி பாரு'ன்னாரு. பார்த்துட்டுத்தான் திரும்பினேன். அதையும் எழுதுங்க."