ஆத்தா திருப்பி வாங்கிக்கொண்ட கயிறு

சடக்.

கொல்லிமலை பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி முதல் வளைவு வருவதற்குள் யாராவது ஒருவர் பையைத் துழாவி வாந்தி மாத்திரை அட்டையை எடுப்பார். கட்டைவிரலால் அழுத்துவார். சடக்கென்று தகடு கிழியும். எழுபது வளைவுக்கும் சேர்த்து ஒரு மாத்திரை. மற்றவர்கள் காதில் அது விழுவதேயில்லை. எனக்கு மட்டும் இன்றும் முதுகில் பல்லி ஓடும். நாக்கு ஊறும். வலது கை தானாகச் சட்டைப் பையைத் தடவும்.

பையில் ஒன்றும் இருக்காது. ஒன்றரை வருடமாக ஒன்றுமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆத்தாவை நம்புகிறவர்கள் படியுங்கள். நம்பாதவர்களும் படிக்கலாம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நான் மலையில் மிளகு போடுகிறவன். சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏறியிருக்கும். பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. கணுவில் விட்ட குச்சிதான் படி. ஏறுவது ஒருவர், கீழே ஏணியைப் பிடிப்பது ஒருவர். எனக்குப் பிடிப்பவள் என் மனைவி ராசாத்தி. "ஏறுங்க, கீழ நான் புடிச்சிருக்கறேன்" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் முதல் குச்சியில் கால் வைப்பேன். அவள் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போன ஒரு நாள், பொறுக்கமாட்டாமல் தனியாக ஏறினேன். விழுந்தேன்.

எலும்பு கூடியது. தூக்கம் கூடவில்லை. கண்ணை மூடினால் மறுபடி விழுவேன். மரமும் இருக்காது, மண்ணும் இருக்காது, விழுவது மட்டும் இருக்கும். ஒரு டாக்டர் பதினைந்து நாளைக்குத் தூக்க மாத்திரை எழுதினார். "அதுக்கு மேல வேண்டாங்க" என்றும் சொன்னார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டினேன். ஒரு கடையில் முகம் சுளித்தால் அடுத்த கடை. ஒன்று இரண்டானது, நான்கானது, கடைசியில் ஒரு நாளைக்குப் பதினொன்று. ஒரு வேளை தப்பினால் சட்டை நனைந்து கை உதறும். என் மகள் கல்யாணப் போட்டோவில் நான் மாலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நாள் என் தலைக்குள் இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை.

எங்கள் பக்கம் குடியை விட நினைப்பவன் செவ்வாய்க்கிழமை ஈரத்துணியோடு காளியாத்தா கோயிலுக்குப் போவான். பூசாரி மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டுவார். அன்றோடு குடி அறுந்துவிட வேண்டும். கயிறு கட்டின கைக்கு எவனும் கிளாஸை நீட்ட மாட்டான். அப்படி விட்டவர்களை எனக்குத் தெரியும். சாராயத்துக்குக் கட்டுகிற கயிறு மாத்திரைக்கு ஆகாதா? போன வருடம் மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய் நின்றேன்.

பூசாரி சின்னப்பன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். "ஏன்டா மாப்ள, நீ குடிக்கவே மாட்டியேடா?" என்றான்.

"மாத்தரைடா."

"மாத்தரைக்கெல்லாம் ஆரும் கட்டுனதில்லையே" என்று தலையைச் சொறிந்தான். ஆனாலும் கட்டினான். மிச்சமிருந்த அட்டைகளை ஓடையில் எறிந்தேன். ராசாத்தி அழுதாள், சந்தோஷத்தில். இரண்டு பேரும் அப்படித்தான் அந்தத் தப்பைச் செய்தோம்.

வெள்ளிக்கிழமை. உச்சிவெயில். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக ஒரு கண்ணிமை மூடவில்லை. முதலில் ஒரு மிளகு நகர்ந்தது. அப்புறம் பத்து. அப்புறம் களமே கறுப்பாக எழுந்து என் காலை நோக்கி ஊர்ந்து வந்தது. மிதித்தேன். கூடையை எடுத்து அடித்தேன். வீட்டுக்குள் மிக்சி ஓடியது. அந்தச் சத்தம் காதில் ஆணி ஆணியாக இறங்கியது. ஓடிப்போய் மிக்சியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். சட்னி சுவரெங்கும் தெறித்து வழிந்தது. எனக்கு அது சதையாகத் தெரிந்தது.

ராசாத்தி என் கையைப் பிடித்தாள். பிடித்தது மணிக்கட்டில், கயிற்றின்மேல். கயிற்றை அறுக்க வந்த பேய் என்று நினைத்தேன். கூரையில் செருகியிருந்த கொடுவாளை உருவினேன். ஓங்கினேன். வெட்டினேன்.

அவள் இடது கையை முகத்துக்கு நேராகத் தூக்கியிருந்தாள். அதனால் முகம் தப்பியது.

இரத்தத்தைப் பார்த்ததும் வானம் வெள்ளையாக வெடித்தது. மற்றதெல்லாம் பிறர் சொன்னது. என் உடம்பே என்னைத் தூக்கித் தூக்கி அடித்ததாம். களத்துக் கல்லில் மண்டை மோதியதாம். நாக்கைக் கடித்து வாயெல்லாம் நுரையும் இரத்தமுமாம். வெட்டுப்பட்ட கையோடு அவள் என் தலைக்கடியில் தன் மடியை வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறாள்.

மச்சினன் செல்வம் ஜீப் ஓட்டுகிறவன். மூட்டை கட்டுகிற கயிற்றால் என்னை சீட்டோடு கட்டினான். வளைவில் இறங்கும்போதே இரண்டாவது வலிப்பு வந்தது. அந்த இறக்கத்தில் எனக்கு ஞாபகமிருப்பது அவன் அழுதுகொண்டே போட்ட சத்தம் ஒன்றுதான்: "மச்சான், ஆத்தா மேல ஆணையாச் சொல்றேன், நீங்க செத்துக்கித்துப் போனீங்கன்னா நானே கொன்னுபோடுவேன்!"

சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழித்தேன். கை கால் கட்டியிருந்தது. ஒரு நர்ஸ் மருந்தோடு வந்தாள். அது என்ன என்று கேட்டேன். நான் தின்ற மாத்திரையின் இனம்தான், வலிப்பு வராமலிருக்க என்றாள். எனக்கு வெறி ஏறியது. தட்டை எட்டி உதைத்தேன். ஊட்ட வந்த விரலைக் கடித்தேன். "ஆத்தா கவுறு கட்டிருக்கறேன், தொடாதீங்க!" என்று வார்டு அதிரக் கத்தினேன்.

நான் பயந்தது என் உயிருக்கு இல்லை. சத்தியம் தவறினால் ஆத்தா கேட்பாள். யாரைக் கேட்பாள்? என் மகளுக்கு அப்போது ஆறாவது மாதம்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த மாத்திரையத் திடுதிப்புன்னு நிறுத்தக் கூடாதுங்க. மூளை தீப்புடிச்ச மாதிரி ஆயிரும். சாராயத்த அப்படி நிறுத்தறதுலயும் ஆபத்து இருக்குது. மாசக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கறதுதான் வழக்கம். உங்களை இங்கயே மெஷின்ல பார்த்துக்கிட்டு, பம்பு வழியா மருந்து விட்டு, எட்டு நாள்ல பெரும்பகுதியக் கழட்டலாம். எல்லாருக்கும் இது ஒத்து வராது. உங்களுக்குப் பண்ணலாம்னு நினைக்கறேன்."

"ஆத்தா ஒத்துக்க மாட்டா."

"அவசரத்துக்குக் கட்டிப் போட்டு உங்க உசுரக் காப்பாத்தலாங்க. எட்டு நாளும் கட்டிப் போட்டுப் பழக்கத்த விட வெக்க முடியாது. இன்னொரு பெரிய வலிப்பு வந்தா என் கையிலயும் ஒண்ணுமில்ல."

ராசாத்திக்குக் கையில் பதினாறு தையல். அந்தக் கையோடு மறுநாள் காலை மலையேறினாள்.

கோயிலில் நடந்ததைச் சின்னப்பன் சொல்லித்தான் அறிந்தேன். எங்களுக்குக் குழப்பம் வந்தால் பூக் கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒன்றுபோல மடித்து ஆத்தா முன்னால் வைப்பது. வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் கூடாது.

"அவரு அந்த மாத்தரைய மறுபடியும் தின்னலாமா, ஆத்தா?" என்று கேட்டு எடுத்தாள்.

சிவப்பு.

சின்னப்பனுக்கே கண் இருட்டிவிட்டதாம். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கக் கூடாது. "போ கண்ணு, விதி" என்று சொல்லியிருக்கிறான். அவள் போகவில்லை. கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் தையலைக் காட்டினாள். ஆத்தாவைப் பார்த்துக் கத்தினாள். "இதப் பாருடி! எட்டுக் கை வெச்சிருக்கற, எனக்கு இருக்கறதே ரெண்டு. அதுலயும் ஒண்ணு போச்சு. நீ கட்டுன கவுத்துல எம் புருசன் சாவோணுமா? சரி, வேற கேக்கறேன். உங் கவுத்த நீயே திருப்பி வாங்கிக்கறயா? வாங்கிக்கிட்டு, கை விடாம, அந்த டாக்டரு கையில அவரக் குடுக்கறயா?"

புதிதாக மடித்து வைத்தான் சின்னப்பன். அவள் எடுத்தாள்.

வெள்ளை.

இன்று யோசித்தால் இரண்டு பூவும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன. நானாகத் தின்பது கூடாது. வைத்தியத்துக்குப் போகலாம்.

கட்டின கைதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். எனவே சின்னப்பனும் சேலத்துக்கு இறங்கி வந்தான். லிப்டுக்குப் பயந்து நான்கு மாடி ஏறி, வேப்பிலையும் விபூதியுமாக மூச்சிரைக்க வார்டுக்குள் நுழைந்தான். நர்ஸ் தடுத்தாள். "அஞ்சு நிமிசங்கம்மா, இதுவும் ஒரு வைத்தியந்தான்" என்றான். டாக்டரம்மா விடச் சொன்னார்.

முடிச்சை அவிழ்த்தான். "ஆத்தாளையே வாயடைக்க வெச்சுட்டாடா உம் பொண்டாட்டி. இனி நீ பேசாதே. குடுக்கறதக் குடிச்சுட்டுக் கெட" என்றான். கயிற்றை இலையில் சுருட்டி எடுத்துக்கொண்டான். அது இப்போதும் கோயில் சூலத்தில் இருக்கிறது. வந்தால் பார்க்கலாம்.

எட்டு நாள் சுகமாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையில் பம்பு சொட்டுச் சொட்டாக மருந்தை ஏற்றியது. தோலுக்கடியில் முள் புரண்டது. பற்கள் தாமாக இடித்துக்கொண்டன. மூன்றாம் நாள் கட்டில் கம்பியை வளைக்கப் பார்த்து விரல் நகம் பிய்ந்தது. ஒவ்வொரு நாளும் கண்ணை மூடியதும் விழுந்தேன். ஒவ்வொரு நாளும் மெஷின் கீச்சிட்டது, யாரோ ஓடிவந்தார்கள். "ஆத்தா, வுட்றாத. ஆத்தா, வுட்றாத." வேறு மந்திரம் எனக்குத் தெரியவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் தூங்கினேன். விழவில்லை. விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. நான் இருந்தேன். அழுதேன்.

அதற்குப் பிறகும் பல மாதம் டாக்டரம்மாவிடம் போனேன். கை இன்னும் லேசாக நடுங்கும். பேத்திக்குப் பெயர் வைத்த நாள் முழுசாக ஞாபகமிருக்கிறது. அவள் என் மீசையை இழுத்ததுகூட. ராசாத்தியின் கையில் அந்தத் தழும்பைப் பார்க்காமல் ஒரு வாய் சோறு எனக்கு இறங்குவதில்லை. "அதையே ஏனுங்க பாக்கறீங்க, கொழம்பு ஆறுது" என்பாள்.

என்னைப்போல் சட்டைப் பையில் அட்டையோடு திரிகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள். கயிறு கட்டி நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போங்கள். போகும்போது உங்கள் சாமியையும் கூப்பிடுங்கள், அது யாராக இருந்தாலும். கூப்பிட்டால் வருகிறது. எனக்கு வந்தது, பதினாறு தையலோடு வந்தது.

பம்பு மாட்டுகிற அன்று ராசாத்தியை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவருகே என் கட்டிலை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். அவள் குனிந்தாள். துணி சுற்றிய கையால் கட்டிலின் கால்பக்கக் கம்பியைப் பிடித்தாள், ஏணியைப் பிடிப்பதுபோலவே.

"ஏறுங்க. கீழ நான் புடிச்சிருக்கறேன்."