பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் போதும்

நான்கு வருடங்களுக்கு முன்னால், மலேசியாவில் கெடா மாநிலத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் செர்டாங்கில், ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நடந்தது இது. கோயில் மண்டபத்தில் கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். நான் மணவறை ஜோடிக்கும் கடையின் ஆள். ஏணியில் நின்று கடைசி விளக்குச் சரத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா கீழே வந்து நின்று, மற்றச் சாமானெல்லாம் எந்த வேனில் வருகிறது என்று கேட்டார்.

எந்தச் சாமான் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அந்த அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று சொல்வதற்கு முன்னால், நான் எப்படி அந்த ஏணியில் போய் நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையுறைத் தொழிற்சாலை, கோழிப்பண்ணை, கேமரன் மலையில் காய்கறி ஏற்றுவது, சிங்கப்பூரில் கப்பலுக்குச் சாயம் சுரண்டுவது என்று எந்த வேலையிலும் ஒன்றரை வருடம் தாண்டியதில்லை. அறை கிடைக்காத ஐந்து மாதம் லோரியிலேயே குடியிருந்தேன். அப்போது கைக்குக் கிடைத்த பழைய பத்திரிகைகளை எல்லாம் படித்ததில் தமிழ் எழுத வந்தது. அதுதான் வினையாகப் போனது. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஓர் அக்கா நடத்திய ஜோடனைக் கடையில் வேன் ஓட்டவும் துணி கட்டவும்தான் சேர்ந்தேன். தப்பில்லாமல் எழுதுவேன் என்று தெரிந்த நாளிலிருந்து கடை விளம்பரமும் என் தலையில் விழுந்தது.

விளம்பரம் என்றால் முதலாளி அக்காவுக்கு வீடியோதான். வாரத்துக்கு மூன்று வேண்டும். பூ கொட்ட வேண்டும், புகை வர வேண்டும், பாட்டுக்கு ஏற்றபடி விளக்கு எரிய வேண்டும். இருநூறு பேர் இதயம் போடுவார்கள். ஒருத்தர்கூடத் தேதி கேட்க மாட்டார். எடுத்ததை எல்லாம் மறுநாள் காலையிலேயே அடுத்த வீடியோ யாரும் பார்க்காத இடத்துக்குத் தள்ளிவிடும். போன் பண்ணுகிற நாலைந்து பேரும் எங்களுக்குச் சம்பந்தமில்லாத கேள்வியாகவே கேட்பார்கள். ஹோமத்துக்கு எவ்வளவு நெய் வேண்டும், அரசாணிக்காலுக்கு அரசங்கிளை யார் வெட்டுவது, பதிவுத் திருமணத்தை முன்னாடியே முடிக்க வேண்டுமா. ஒரே கேள்வியை ஒரு நாளில் ஆறு பேர் கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஐயரைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

ஒரே ஒரு வீடியோ மட்டும் ஓடியது. அதில் மணவறைக்கு முன்னால் குத்துவிளக்கு, பழத்தட்டுகள், தேங்காய்க் கலசம், அம்மி எல்லாம் வரிசையாக இருக்கும். கூலிக்கு நடிக்க வந்த ஒரு பெண் பட்டுப்புடவையில் அம்மி மேல் பாதத்தை வைப்பாள். பழம் பிளாஸ்டிக். அம்மி, குளிர்பெட்டி வரும் அட்டைப்பெட்டியில் இருக்கும் வெள்ளை நுரைப் பலகையைச் செதுக்கி நானே கறுப்புச் சாயம் பூசியது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் போதும், மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு. எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா அன்றைக்கு எனக்கு நாசி பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது ஏணிக்கு வருகிறேன். அந்த அம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். கணவர் இல்லை. தம்பியின் துணையோடு மூத்த மகளுக்குக் கல்யாணம் பண்ணுகிறார். என் கேள்வியைக் கேட்டதும் முகத்தில் இருந்த கல்யாணக் களை போய்விட்டது. பிறகு, வீடியோவில் இருந்ததெல்லாம்தான், என்றார். நான் ஏணியை விட்டு இறங்கி, நாங்கள் மணவறையும் விளக்கும் வாசல் வளைவும் நாற்காலி உறையும் மட்டும்தான் போடுவோம், ரசீதில் இருக்கிறதே என்றேன். இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது.

எங்கள் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஐயர் ஒரு லிஸ்ட் கொடுப்பார். மஞ்சளிலிருந்து ஹோமத்தில் போடும் சமித்துக் குச்சி வரைக்கும் அதில் இருக்கும். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஐயர் கொடுத்த லிஸ்ட் எங்கே என்று கேட்டேன்.

"குடுத்தாரு தம்பி. வேணாம் சாமி, கடக்காரங்களே எல்லாம் கொண்டாந்துருவாங்கன்னு அவருகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். நீங்க எழுதியிருந்தீங்கள்ல."

எழுதியது அக்கா இல்லை, நான்.

அதற்குள் ஐயர் மேடைக்கு வந்துவிட்டார். அலங்காரத்துக்காக நான் கொண்டு வந்து வைத்திருந்த அம்மியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று குனிந்தார். அது ஒரே கையில் மேலே வந்தது. அதைத் தலைக்கு நேராகப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"இதுல பொண்ணு கால வச்சா, கல்யாணம் முடியறதுக்குள்ள அம்மி ரெண்டாயிரும்பா."

மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து வந்து, சாமான் இல்லாமல் எப்படி நடத்துவீர்கள், நேரம் தாண்டினால் எங்கள் பக்கம் தாலி கட்ட விடமாட்டோம் என்று நிதானமாகவே சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் அன்றைக்கு அலோர் ஸ்டாரில் இன்னொரு கல்யாணத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சரி சரி, அவங்க ஐயரோட பேசிக்குவாங்கலா. நம்ம மணவற எப்படி வந்திருக்கு? ஆள் நெறையறதுக்குள்ள ரெண்டு வீடியோ எடுத்து அனுப்பு தம்பி."

போனை வைத்துவிட்டேன். பெண்ணின் மாமா மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வந்தார். நான் பின்னால் ஏறினேன்.

பூஜைச் சாமான் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்று கதவில் எழுதியிருந்தது. கடைக்காரர் மாடியில் குடியிருந்தார். மாமா கீழே நின்று கூப்பிட்ட கூப்பாட்டில் அவர் வாயில் பல் துலக்கியோடு சன்னலைத் திறந்தார். இறங்கி வந்து இரும்புக் கதவைப் பாதி தூக்கிவிட்டு, லிஸ்டுக்குக் கையை நீட்டினார். இல்லை என்றேன்.

"கல்யாணத்தன்னைக்கி லிஸ்ட்டு இல்லாம வந்த மொத ஆளு நீதான்டா அப்பா. என்ன, ஓடிப் போய்ப் பண்ற கல்யாணமா?"

அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஐயருக்குப் போன் போட்டுக் கடைக்காரர் காதில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, கடைக்காரர் எடுத்துப் போட்டார். நவதானியம், நெய், பொரி, மஞ்சள் கயிறு, பச்சரிசி, கற்பூரம், பன்னீர். சமித்து தீர்ந்துவிட்டது. கோயில் குருக்களிடம் இருக்கும், வாங்கிக்கொள்கிறேன் என்று ஐயரே சொன்னார். வெற்றிலை முந்தின நாளுடையது, ஓரம் வாடியிருந்தது. பரவாயில்லை என்று வாங்கினோம். கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதே கால்.

இனி அம்மி. மாமா எங்கேயும் நிறுத்தாமல் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஓட்டினார். முதல் வீட்டில் மிக்சிதான். இரண்டாவது வீட்டில் அம்மியை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டோம் என்றார்கள். ஐந்தாவது வீட்டில் ஒரு பெண்மணி குழாயடியில் ஒரு கல்மேல் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கல்தான் அம்மி. மாமா விஷயத்தைச் சொன்னதும் அவர் இறங்கி, கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சட்டையில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா அந்த வீடியோ. எடுத்துட்டுப் போங்க. ஆனா இதையும் படம் புடிச்சி ஒங்க சாமான்னு போட்றாதீங்க."

அவரே பிரஷ் எடுத்துவந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். நான் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டேன். மண்சாலையில் ஒவ்வொரு குழிக்கும் அது என் தொடையை நசுக்கியது. அது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் அரசாணிக்காலுக்கு வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் பின்னால் அரசமரம் இருக்கிறது, ஆனால் தலைவரைக் கேட்காமல் கிளை வெட்டக் கூடாது என்று நிர்வாகத்தில் ஒருவர் மரத்தடியில் நின்றுகொண்டார். தலைவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் ஐயரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கைக்கு எட்டிய ஒரு சின்னக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. அம்மியில் பெண் காலை வைத்தபோது அந்தக் கல் இன்னும் ஈரமாக இருந்தது.

நான் சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தேன். பெண்ணின் அம்மா வேன் வரைக்கும் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சாம்பார் வாளியோடு நின்றபடி சொன்னார்:

"எனக்கு இன்னொரு பொண்ணு இருக்கா தம்பி. என்னென்ன வாங்கணும், எத நீங்க கொண்டார மாட்டீங்க, ஒரு தாள்ல எழுதிக் குடுத்துரு. எனக்கு இப்பிடி இன்னொரு தடவ தாங்காது."

அவ்வளவுதான். எழுதித் தருகிறேன் என்றேன்.

ஒரு தாளில் எழுதுவது அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் பிடித்தது. ஓர் ஐயர் ஒன்பது தேங்காய் என்பார், இன்னொருவர் இருபத்தொன்று என்பார். எங்கள் பக்கம் அரசாணிக்கால் கிடையாது என்று ஒரு குடும்பம் சொல்லும். மண்டபத்துக் குமாஸ்தா விறகு அடுப்புக்கு அனுமதி உண்டு என்று காலையில் சொல்லிவிட்டு மத்தியானம் இல்லை என்பார். பதிவுத் திருமண விஷயத்தைக் கேட்க நான் பதிவு அலுவலகத்தில் போய் எண் எடுத்து உட்கார்ந்தேன். யார் கல்யாணத்துக்கு என்று முகப்பில் இருந்தவர் கேட்டார். எல்லார் கல்யாணத்துக்கும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒருவழியாக எழுதி முடித்தேன். என்ன வாங்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எதை எப்போது செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் கடை கொண்டு வராதவை என்று பெரிய எழுத்தில் ஒரு பகுதி.

அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"கடைக்கு வெளம்பரம் எழுதுன்னா, கடையில என்ன இல்லன்னு எழுதிக்கிட்டு வந்திருக்க. ஒனக்குச் சம்பளம் எதுக்குலா?"

நானும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பழைய வீடியோவை நீக்காவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். நான் எப்படியும் விட்டுவிட்டுப் போகிறவன்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த மாதம் ஒன்பது கல்யாணம் இருந்தது, வேன் ஓட்ட வேறு ஆள் இல்லை. வீடியோவை நீக்கினார். லிஸ்ட்டைப் போட்டார். முதல் வாரம் பதினொரு பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி அக்காவின் தங்கை. அக்கா அந்த எண்ணைத் தினமும் காலையில் எனக்குச் சொல்லிக் காட்டினார்.

அந்த அம்மாவுக்கு நான் அதை அச்சடித்து, செர்டாங் போகிற வேலை வந்தபோது நேரில் கொடுத்தேன். அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார். பிறகு அது எப்படிப் பரவியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தோட்டத்துக் குரூப்பில் யாரோ படம் எடுத்துப் போட்டார்களாம். ஒரு கோயிலில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்களாம். மெட்டியை விட்டுவிட்டீர்கள் என்று ஒரு பெண் போன் பண்ணித் திட்டினார், சேர்த்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்கள். இல்லாததை இல்லை என்று சொல்கிற கடை என்று யாரோ சொல்லி அனுப்பினார்கள் என்றார்கள். அக்கா அது தன் யோசனை என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லட்டும்.

நான் அந்தக் கடையை விட்டு இரண்டு வருடமாகிறது. இப்போது அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் குளிர்சாதனப் பெட்டி ஏற்றி இறக்குகிறேன். ஆனால் லிஸ்ட்டின் கீழே என் சொந்த எண்ணைப் போட்டுத் தொலைத்துவிட்டேன். பெட்டியைத் தோளில் வைத்து மூன்றாம் மாடி ஏறும்போதுதான் அது சரியாக அடிக்கும். அண்ணே, நவதானியம் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று யாராவது கேட்பார்கள். எரிச்சல் இன்னும் வரத்தான் செய்கிறது. இருந்தாலும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு முழுதாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் அழகுக்காக எழுதிய ஒரு வரியை ஒரு தாய் அப்படியே நம்பி, மகளின் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வந்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.