சாப்ட்டியாப்பா

ஆவடி முகாமில் வெள்ளைக்கார அதிகாரி பேசுவதைப் புதுச் சிப்பாய்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. பர்மாவில் எதிர்ப்பக்கமும் தமிழர்கள் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து, வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டையிட்ட இந்தியப் படையில் சேர்ந்தவர்கள். அரிசி வரும் வழியை அடைத்து, பசியில் கிடப்பவர்களை வெளியே வரவழைத்துச் சுடுவதுதான் அதிகாரியின் திட்டம்.

“என்ன சொல்லிக் கூப்பிட்டால் வருவான்?” என்று என்னைக் கேட்டார்.

“சாப்ட்டியாப்பான்னு கேட்டால் வந்துவிடுவான்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

சிப்பாய்களில் கொரட்டூர்க்காரன் ஒருவன் சிரித்தான். “இன்னா அண்ணாத்தே, சோறு போட கூப்ட்டுட்டு சுடணுமா? என் மாமன் வந்தா?”

“எவன் வந்தாலும் சுடுடா. சிரிக்காம, ஊட்ல கேக்கற மாதிரி கேளு” என்று அதட்டினேன்.

மலாயாவுக்குப் போன என் தம்பியிடமிருந்து தகவலே இல்லை. அவனும் அந்தப் படையில் இருக்கலாம். பசியோடு இருந்தால் அந்தக் கேள்விக்கு நிச்சயம் எழுந்து வருவான். அது தெரிந்தும், நாள் முழுக்கச் சிப்பாய்களுக்கு அதையே பழக்கினேன்.