கமாண்டர் கண் திறந்த காலை

என் தம்பி சோணைமுத்து அருப்புக்கோட்டைக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நான் அவனுக்கு அக்கா. எட்டு வரை படித்து, வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். அவனைப் பற்றி எழுதும்படி ஊரில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் ஊரில் பிறந்தவர் விங் கமாண்டர் நவநீதகிருஷ்ணன். பருத்தி வியாபாரக் குடும்பம். விமானப்படையில் குண்டு போடும் விமானங்களின் பிரிவு ஒன்றுக்குத் தலைவராக இருந்தார். அறுபத்தைந்தாம் வருடப் பாகிஸ்தான் சண்டையில் பதக்கம் வாங்கினார். எழுபத்தொன்றில் எதிரியின் விமானத்தளத்தில் குண்டு போடப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்கு இன்னொரு பதக்கம் கொடுத்தார்கள். குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. அவர் வீடு இப்போது உரக்கடை. ஊரில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவர் ரயில்வேயில் வேலை பார்த்தார் என்று நினைத்திருந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் தம்பியின் ஆட்டோவில் ஏறினார். மடியில் வாழை இலையில் சுற்றிய ரோஜா மாலை. பெயர் சங்கரலிங்கம். சாத்தூர் பக்கம் பிறந்து, விமானப்படையில் கமாண்டருக்குக் கீழே வேலை பார்த்து, ஓய்வுபெற்று மதுரையில் இருப்பவர்.

"கமாண்டர் சிலைக்கிட்ட எறக்கி விடுப்பா" என்றார்.

"எந்த கமாண்டருங்கய்யா?"

பெரியவர் சொன்னார். தம்பி ஊரில் இறக்கிவிட்டுக் கூடவே நடந்தான். சிலை இல்லை. படம் மாட்டிய மண்டபம் இல்லை. ஒரு தெருவுக்குக்கூட அவர் பெயர் இல்லை. பெரியவர் உரக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கடைக்காரர் யூரியா இன்னும் வரவில்லை என்றார். திரும்பி வரும்போது ஊர்ப் பெயர் எழுதிய பலகையில் மாலையைப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தம்பி சொன்னான். திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இறங்கும்போது தம்பியாகவே சொல்லியிருக்கிறான்:

"அடுத்த தடவ வாங்கய்யா. செல இருக்கும்."

அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "ஏன்டா அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"வாயில வந்துருச்சுக்கா."

"வாயில வந்தா செல வந்துருமா?"

"அவருக்கு வயசாகுதுக்கா. அதுக்குள்ள வைக்கணும்."

அன்றிலிருந்து அவனுக்கு வேறு கவலை இல்லை. சென்னையில் கமாண்டரின் அண்ணன் மகனைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கினான். அரசமரத்துப் பஸ் நிறுத்தத்தில் இடம் கேட்டு ஊர்க்கூட்டத்தில் நின்றான். "செலையா? மொதல்ல பஸ்ஸு நிக்கிற எடத்துல ஒரு நெழலப் போடச் சொல்லுப்பா" என்றார்கள். நிழல் போடுகிறவரைக்கும் ஆட்டோவை அங்கே நிறுத்தி நிழல் கொடுப்பதாகச் சொன்னான். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள். ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் கமாண்டர் கதையைச் சொன்னான். காரியாபட்டி வரைக்கும் கதை போனது. சிலர் அவனுடைய ஆட்டோவைத் தவிர்த்தார்கள். ஆனால் பணம் சேர்ந்தது.

சிலை செய்ய நரிக்குடிப் பக்கத்திலிருந்து சோலைச்சாமி வந்தார். கோயில்களுக்குச் சிமெண்டில் சாமி செய்கிறவர். கமாண்டரின் புகைப்படத்தை அவரிடம் கொடுத்தோம். நான் அதைப் பெரிதாக்கி, சட்டையில் எத்தனை பொத்தான், பையின் மூடி எந்தப் பக்கம், மார்பில் பதக்கத்துக்கான பட்டிகள் எந்த வரிசையில் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அதிலெல்லாம் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. உடம்பைத்தான் அவர் பழக்கத்துக்குச் செய்துவிட்டார். இடது கால் ஒரு அடி முன்னால். வலது கை தலைக்கு மேலே. இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. மொத்தத்தில் காக்கிச் சட்டை போட்ட கருப்பசாமி.

"ஏண்ணே, படத்துல மீச பென்சில் கோடு மாதிரில்ல இருக்கு?" என்றான் தம்பி.

"சண்டைக்குப் போறவருக்கு அது காணாதுப்பா."

"அந்தக் கை?"

"அருவா புடிக்கிற கை. உள்ளங்கைல ஓட்டயும் விட்டுட்டேன். கை தன்னால செஞ்சுருச்சு."

"அவரு வானத்துல இருந்து குண்டு போட்டவருண்ணே. அருவாள வச்சு என்ன செய்வாரு?"

சோலைச்சாமி யோசித்தார். கையை மாற்றினால் தோள் விரிசல் விடும் என்றார். மீசையை மட்டும் உளியால் செதுக்கிக் குறைத்தார். கை ஓட்டையில் தேசியக்கொடி சொருகுவது என்று முடிவானது. இதை நான்தான் சொன்னேன்.

டிசம்பரில் கமாண்டர் மறைந்த தேதிக்கே திறப்பு விழா என்று வைத்தார்கள். காலை பத்து மணிக்குத் துணியை விலக்க வேண்டியவர் சங்கரலிங்கம் ஐயா. ஆனால் சோலைச்சாமி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கண்ணை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். சிலையைப் பீடத்தில் நிறுத்தியபிறகு, விடிகிற நேரத்தில் அவரே எழுதுவார். சேவல் வேண்டும். கண் திறந்ததும் முதல் பார்வை மனுசர் மேல் விழக் கூடாது. உக்கிரமாக இருக்கும். கன்றுக்குட்டியோடு ஒரு பசு எதிரே நிற்க வேண்டும்.

"இவரு சாமி இல்லண்ணே, பட்டாளத்துக்காரரு" என்றான் தம்பி.

"நான் யாருக்கு எழுதுனாலும் கண்ணு கண்ணுதான். போன வருசம் ஒரு ஊருல கண்ணத் தொறக்கயில குறுக்க போன வெள்ளாடு அங்கனயே விழுந்து செத்துச்சு."

"அது லாரி அடிச்சுச் செத்ததுன்னாங்களே."

"லாரிக்காரன் யாரப் பாத்துக்கிட்டு வந்தான்னு நெனைக்கிற?"

தம்பி சேவலுக்கு ஏற்பாடு செய்தான்.

அன்றைக்கு விடியும் முன்பு நாங்கள் கொஞ்சம் பேர்தான் அரசமரத்தடியில் இருந்தோம். பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி பசுவையும் கன்றையும் கொண்டுவந்து சிலைக்கு எதிரே நிறுத்தியிருந்தாள். சேவலை அறுத்தாகிவிட்டது. சோலைச்சாமி ஏணியில் ஏறித் தூரிகையை எடுத்த நேரம், முதல் பஸ் வந்து நின்றது. சங்கரலிங்கம் ஐயா இறங்கினார். மதுரையில் தூக்கம் வரவில்லை, கிளம்பி வந்துவிட்டேன் என்றார். ரொம்ப இளைத்திருந்தார். கையில் கம்பு.

துணி இல்லாமல் நின்ற சிலையை அவர் அண்ணாந்து பார்த்தார். முன்னால் வைத்த காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கண் இல்லாத முகத்தைப் பார்த்தார். தம்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது அவரு மாதிரி இல்லையேப்பா" என்றார்.

தம்பி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். பிரித்து மறுபடி மடித்தான்.

"அவரு என் தோளுக்குத்தான் வருவாரு. இப்பிடிக் கையத் தூக்குனதே கெடையாது."

"கொடி புடிக்கிறாருங்கய்யா" என்றேன் நான். அது எடுபடவில்லை.

"கண்ணு எங்க?"

"இப்பத்தான் எழுதப் போறேன்" என்றார் ஏணியில் இருந்த சோலைச்சாமி. "ஒதுங்கிக்கங்க. மொதப் பார்வ ஆகாது. மாட்டப் பாக்கணும்."

பெரியவர் மாட்டைப் பார்த்தார். அப்புறம் கம்பை ஊன்றி நடந்துபோய், கன்றுக்குட்டியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றுகொண்டார்.

"அய்யா, வேணாம்!" என்று தம்பி ஓடினான். "ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"நில்லுப்பா. நான் பாம் லோடு பண்ற ஆளு. பாம் தரையிலயே வெடிச்சுறாம இருக்கச் சொருகியிருக்கிற பின்னுகள எல்லாம் உருவி, பிளேனுக்கு முன்னாடி நின்னு, டார்ச் அடிச்சு அதுகளக் காட்டணும். அவரு மேல இருந்து எண்ணிப் பாப்பாரு. சரியா இருந்தாக் கட்டவிரலக் காட்டுவாரு. அதுக்கப்புறந்தான் வண்டி நகரும். அன்னைக்கும் காட்டுனேன். அவரும் கட்டவிரலக் காட்டிட்டுப் போனாரு. தரையில அவரு கடைசியாப் பாத்த மூஞ்சி என் மூஞ்சி. இப்ப முழிக்கயில கன்னுக்குட்டியவா பாக்கணும்?"

காளீஸ்வரி பசுவை ஓட்டிக்கொண்டு ஒதுங்கினாள். சோலைச்சாமி தம்பியைப் பார்த்தார்.

"என்னப்பா செய்ய?"

"எழுதுங்கண்ணே" என்றான் தம்பி. சொல்லிவிட்டு அவனும் போய்ப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றான். விழுந்தால் பிடிப்பதற்கு என்று பிறகு என்னிடம் சொன்னான்.

சோலைச்சாமி முதலில் வலது கண், அப்புறம் இடது கண் எழுதினார். எழுதிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். அவருக்குத் தெரிந்த கண்தான் எழுதியிருந்தார். விழி பெரிதாக, புருவத்துக்குக் கீழே நெருப்பு மாதிரி.

பெரியவர் வெகுநேரம் பார்த்தார். கம்பை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். இரண்டு குதிகாலையும் சேர்த்து நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். கையை உடனே இறக்கவில்லை.

"லோடு பண்ண லேட்டாச்சுன்னா இப்பிடித்தான் பாப்பாரு" என்றார். "அவருதான்."

தம்பி துண்டால் முகத்தைத் துடைத்தான். சோலைச்சாமி கிட்டே வந்து, "அய்யா, ஒடம்புக்கு ஒண்ணும் செய்யலையே?" என்று கேட்டார்.

"செய்யிது. பசிக்கிது."

சிலைக்குத் துணியைப் போர்த்திவிட்டுப் பெரியவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு ஆட்டோவின் பின் சீட்டில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார். பத்து மணிக்கு மைக் செட் பாட ஆரம்பித்தபோதும் எழுந்திருக்கவில்லை. எழுப்பக் கூடாது என்று தம்பி ஆட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

விழாவுக்கு வந்தவர்கள் சிறப்பு விருந்தினர் எங்கே, துணியை யார் விலக்குவது என்று கேட்டார்கள்.

"மெதுவாப் பேசுங்க" என்றான் தம்பி. "அவுக ரெண்டு பேரும் அப்பவே பாத்துக்கிட்டாக. துணிய யாராவது எடுங்க."