மைக் வேண்டாம்னு சொன்ன கச்சேரி

கிட்ட வந்து குந்துங்க. மைக் செட் போடுற பொழப்பு தெரிஞ்சவங்களுக்குத்தான் சொல்றேன்: பாட்டு நல்லா இருந்தா பாடுனவருக்கு மாலை, மைக் கொய்யுனு கத்துனா நமக்கு வசவு. உத்திரமேரூர் சுத்துவட்டாரத்துல காதுகுத்தோ கருமாதியோ, என் பொட்டிதான் பேசும். அது வாய மூடிக்கினு இருந்த நாள் ஒண்ணு உண்டு.

எனக்கு இன்னா வேலை?

பெருநகர் தயாளன் வெளிநாட்டுல ஆப்பெரான்ற நாடகப் பாட்டு படிச்சவரு. அவங்கம்மா செத்தப்போ, பிளேன் புடிச்சு வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. எழவு வூட்டுக்கு வந்தவங்கள கட்டிக்கினு அழுவுறதுதானே நம்ம பழக்கம். அம்மாவோட தங்கச்சி சரோஜாம்மா மட்டும் இவரக் கட்டி அழல. அதுலேர்ந்து பேச்சும் இல்ல. தெவசத்துக்கு வந்தவரு அம்மா பேர்ல கல்யாண மண்டபத்துல ஒரு கச்சேரி வெச்சாரு. "சின்னம்மா வருமாண்ணே?"ன்னு என்னையே கேட்டுக்கினு இருந்தாரு.

நான் ஸ்டேண்ட நிறுத்தி "ஹலோ, மைக் டெஸ்ட்"னு ஆரம்பிச்சேன். கையப் புடிச்சிட்டாரு. இந்தப் பாட்டுக்கு மைக்கே கூடாதாம், தொண்டைதானாம். "அப்ப நான் இன்னாத்துக்கு நைனா?"ன்னேன்.

"ஃபேன நிறுத்திட்டுக் குந்துங்கண்ணே, அது போதும்."

டெம்போவுல வந்த பியானோ

சென்னையிலேர்ந்து பியானோ வந்துச்சு. கூடவே அத வாசிக்கிறவரு, விருந்தாளியா பாட வந்த ரீட்டாம்மா. நாலு ஆளுங்க மூச்சப் புடிச்சுத் தூக்குனாங்க. படியில லேசா இடிச்சதும் உள்ளேர்ந்து ஒரு சத்தம். தூக்குனவன் அப்படியே நின்னுட்டான்.

"பீரோன்னுதானே சொன்னீங்க? உள்ள யாரோ முனகுறாங்க சார்!"

பஸ்ஸுக்கு நின்னவங்க

ஃபேன் நின்னுச்சு. ஜனங்க துண்டால விசிறிக்கினு இருந்தாங்க. ரீட்டாம்மா எடுத்த எடுப்புலயே குரல உச்சத்துக்குக் கொண்டு போனாங்க. சன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. பாஷை புரியல. யாரோ யாரையோ பறிகொடுத்துட்டாங்கன்னு மட்டும் புரிஞ்சுது. வெளிய திருப்புலிவனம் பஸ்ஸுக்கு நின்ன ரெண்டு பொம்பளைங்க, கொண்டைய அவுத்துவுட்டுக்கினு உள்ள வந்துட்டாங்க. சுத்திப் பாத்துட்டு என் காதுல கேட்டாங்க:

"பொணத்த எங்கண்ணே வெச்சிகிறாங்க?"

பின் வரிசை

சரோஜாம்மா வந்திருந்தாங்க. கடைசி வரிசையில, மேடைக்கு முதுகக் காட்டிக்கினு.

"இது அம்மாவ இழந்த புள்ள பாடுறது"ன்னு தமிழ்ல சொல்லிட்டு தயாளன் கடைசிப் பாட்ட எடுத்தாரு. பாதியில குரல் உடைஞ்சு நின்னுபோச்சு. பியானோக்காரர் அதே எடத்தத் திரும்பத் திரும்ப வாசிச்சுக்கினு காத்திருந்தாரு. பின்னாடியிருந்து ஒப்பாரி கெளம்புச்சு.

"வாசல்ல தேரு நிக்க, என் கூடப்பொறந்த அக்காவே, வழியனுப்பப் புள்ள இல்லியே…"

தயாளன் மரமா நின்னாரு. பக்கத்துல நின்ன ரீட்டாம்மா அவரு முதுகுல கை வெச்சு, மேடைப் படிப்பக்கம் ஒரு தள்ளு தள்ளுனாங்க. ஓடுனாரு. சின்னம்மா அவரு கழுத்தக் கட்டிக்கினு கதறுனாங்க:

"இம்மா நாளா எங்கடா வெச்சிருந்த இந்த அழுகைய?"

மண்டபமே அந்தப் பக்கம் திரும்பி மூக்கச் சிந்திக்கினு இருக்கச்சொல்ல, ரீட்டாம்மா அவரு வுட்ட எடத்துலேர்ந்து மிச்சப் பாட்டத் தானே பாடி முடிச்சு, யாரும் பாக்காத மேடையில அவருக்கும் சேர்த்து ஒரு கும்புடு போட்டுட்டு எறங்குனாங்க.